மரக்காணத்திலிருந்து மரக்காணத்துக்கு

மரக்காணம் உப்பளத்து விமானத் திடலிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விமானம் ஒருமுறைகூடச் சென்னைக்குப் போய்ச் சேரவில்லை. நாற்பது நிமிஷம் பறந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மரக்காணத்திலேயே இறங்கியது. வடக்கே போன விமானம் தெற்கிலிருந்து வரும். எட்டுப் பேர் ஏறினால் எட்டுப் பேர் இறங்குவார்கள். அதே சட்டை, அதே பை, அதே முகம். விமானத்தில் பழுது ஒன்றும் இல்லை, ஓட்டியவருக்கு வழியும் தப்பவில்லை. வடநாட்டுக்காரரான அந்த விமானி தன் நோட்டுப் புத்தகத்தில் போன இடம் சென்னை, திரும்பிய இடம் மரக்காணம் என்று தேதி, மணி போட்டு ஒழுங்காகக் கையெழுத்து வைத்திருக்கிறார். இறங்கினவர்கள்தான், நாங்கள் கிளம்பின மரக்காணம் இது இல்லை என்றார்கள்.

விஷயம் தொடங்கியது 2004-ஆம் வருஷம் ஆடி மாதம். சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சின்ன விமானம் விடப்போவதாகச் சொல்லி ஒரு கம்பெனி, ராஜாங்கம் என்பவரின் உப்பளத்தில் கிழக்கோரமாக நீள வாக்கில் நிலம் பிடித்தது. ராஜாங்கம் கிளியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல்லில் விட்டதை உப்பில் பிடிக்கலாம் என்று வந்தவர். நிலம் அளந்து கல் நட்டதோடு கம்பெனி சும்மா இருந்துவிட்டது. மார்கழியில் கடல் உள்ளே வந்து போயிற்று. பாத்திகள் எல்லாம் சேறாகி, அந்த வருஷத்துக்கு உப்பு இல்லை என்று ஆனபின், சும்மா இருந்த உப்பளத்து ஆட்கள் நாற்பது பேரை ஓடுபாதை போடக் கூப்பிட்டார்கள். ரோடு ரோலர் வருகிற வழி அடித்துக்கொண்டு போயிருந்தது. கம்பெனி என்ஜினீயர் வந்து, தரை சமமாக இருக்க வேண்டும், கல்லு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும் என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

சமமாகவும் கெட்டியாகவும் தரை போட அந்த நாற்பது பேருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். உப்புப் பாத்தி போடுவது போலச் சுற்றி வரப்புக் கட்டி, மண்ணை நனைத்து, வெறுங்காலால் மிதித்தார்கள். மிதிப்பது எப்போதும் ஜோடியாகத்தான், பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும். தோளோடு தோள் நின்று, மூலையிலிருந்து தொடங்கி, இருவரும் வலது காலைச் சேர்ந்தாற்போல் முன்னே வைத்துப் போக வேண்டும். ஒருவர் வலதும் மற்றவர் இடதும் வைத்தால் நடுவில் விரற்கடை அகலத்துக்கு மிதிபடாத மண் நின்றுவிடும். பார்வைக்குத் தெரியாது, தண்ணீர் விட்டால் அந்த வழியாகக் கசியும். இருபத்தைந்து நாள் மிதித்து, பலகையால் தட்டி, கடைசியில் எப்போதும் செய்வதுபோல் கணுக்கால் அளவுக்கு உப்புத்தண்ணீர் விட்டு மூன்று நாள் தேக்கி வைத்தார்கள். என்ஜினீயர் திரும்பி வந்தபோது ஓடுபாதைக்குள் வானம் முழுசாகக் கிடந்தது. விமானம் இறங்குகிற இடத்தில் எதற்குத் தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்டார். தண்ணி காட்டாமல் தரை எப்படி அடங்கும் என்று ராஜாங்கம் திருப்பிக் கேட்டார். என்ஜினீயர் கடப்பாரையால் குத்திப் பார்த்தார், கடப்பாரை எகிறிற்று, கையெழுத்துப் போட்டார். தண்ணீர் காட்டினதுதான் தப்பு, வானத்தைப் பார்த்துவிட்ட தரையில் விமானத்துக்கு எது மேலே எது கீழே என்று குழம்பிவிட்டது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். கடல் வந்து போன மண்ணில் என்ன செய்தாலும் இப்படித்தான் ஆகும் என்று வேறு சிலர் சொன்னார்கள். நிச்சயமாக யாருக்கும் தெரியாது.

முதல் விமானம் 2005 ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கிளம்பியது. மிதித்த நாற்பது பேரில் ஒருவருக்குக் கம்பெனி சும்மா ஒரு சீட்டுக் கொடுத்தது, போகவும் வரவும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அந்தோணிராஜ் பெயர் வந்தது. அந்தோணிராஜும் அவன் மனைவி லூர்துமேரியும் இருபத்தேழாம் நம்பர் பாத்தியில் ஆறு வருஷமாக வேலை செய்கிறவர்கள். லூர்துமேரி அவனுக்குத் தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக்கொடுத்து, விமானம் வடக்கே புள்ளியாகி மறைகிறவரை வரப்பில் நின்றாள். வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பினவள், மாமியார் சவரியம்மாளுக்கு வெற்றிலை வாங்கலாமா என்று யோசித்து, யாரோடோ பேசி, கொஞ்சம் அசந்து நின்றதில் நேரம் போய்விட்டது. தெற்கே சத்தம் கேட்டது. விமானம் இறங்கி நின்று, ஏணி வைத்து, ஐந்தாவது ஆளாக அந்தோணிராஜ் இறங்கி வந்தான். வரப்பில் அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறிப்போயிற்று.

"நீ எப்ப மெட்ராஸ் வந்த?" என்று கேட்டான்.

அன்று ஊரில் யாருக்கும் பகல் சோறு இறங்கவில்லை. எட்டுப் பேரில் ஆளுக்கொரு பேச்சு. தங்கள் ஊரில் கோயில் மணி இரண்டு, இங்கே ஒன்றுதான் இருக்கிறது என்றார் ஒருவர். பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசல் தெரு பார்த்து இருந்ததே, எப்போது சந்து பார்த்துத் திரும்பினது என்று கேட்டார் இன்னொருவர். மற்றபடி எல்லாம் சரியாகவே இருந்தது. பெயர், கடன், சொந்தம், வாய்க்கால், எல்லாம். படம் எடுக்கப் போயிருந்த போட்டோக்காரர் மணிவண்ணன், தன் ஊருக்குத் திரும்பியே தீருவது என்று அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஏறினார். இறங்கினவர் இதுவும் இல்லை என்று மறு செவ்வாயும் ஏறினார். இப்படி இறங்கிய ஒவ்வொரு மணிவண்ணனும் இது தனக்கு மூன்றாவது மரக்காணம், ஐந்தாவது மரக்காணம் என்று ஒவ்வொரு எண்ணிக்கை சொன்னார். ஏழாவது என்று சொன்னவர் அலுத்துப்போய், ஸ்டுடியோவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். பெட்டியை மட்டும் அவர் பிரிக்கவில்லை. சென்னையில் நிஜமாகவே வேலை இருந்தவர்கள் பழையபடி பஸ்ஸில் போனார்கள். விமானத்துக்கும் ஆள் குறையவில்லை, ஏனென்று தெரியவில்லை. வீட்டில் சண்டை போட்டவர்கள் சிலர் அதில் போய் வந்து சமாதானமாக இருந்தார்கள்.

நிற்க. லூர்துமேரி வீட்டு விஷயம் இப்படி நடந்தது. வந்தவன் அந்தோணிராஜ்தான். தாடையில் உப்பு வாரும் வாருபலகை பட்ட தழும்பு இருந்தது, தும்மினால் மூன்று முறை தும்மினான். ஆனால் தண்ணீர்க் குடத்தைக் கதவுக்கு அந்தப் பக்கம் தேடினான். பாயில் சுவரோரம் படுக்கிறவன் வாசலோரம் படுத்தான். அவளுக்குத் தெரியாத ஒரு பெயரைச் சொல்லி நாயைக் கூப்பிட்டான், நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. தன் புருஷன் வேறு எங்கோ ஒரு மரக்காணத்தில், வேறு யாரோ ஒரு லூர்துமேரி போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறானா, அல்லது இவன்தான் அவனா, பயணக் களைப்பில் மாறிப்போனானா என்று அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மாமியாரிடம் சாடைமாடையாகக் கேட்டாள். சவரியம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள்.

"போட்டா சாப்புடறான். என்ன அம்மான்னுதான கூப்புடறான். உனக்கு வேற இன்னாடி வேணும்?"

பிறகு கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரைக் கேட்டாள். தாலி கட்டினவன் போன விமானத்தில் அவனைப்போலவே ஒருவன் வந்திருக்கிறான், அவனோடு ஒரே வீட்டில் இருப்பது பாவமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். முதல் விமானத்தை மந்திரித்துவிட்டு அதிலேயே ஏறிப்போனவர்களில் சாமியாரும் ஒருவர்.

"இத நீ முந்தின சாமியார்கிட்ட கேட்டிருக்கணும்மா," என்றார்.

அதன்பின் அவள் யாரையும் கேட்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் விமானம் இறங்குகிற நேரத்துக்கு வரப்பில் வந்து நிற்பாள். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். எல்லோரும் இறங்கி முடிந்து ஏணியை எடுத்தபின் வேலைக்குத் திரும்புவாள். நீயே ஒருமுறை ஏறிப் போய்த் தேடிப் பாரேன் என்று மணிவண்ணன் சொன்னதற்கு அவள் இசையவில்லை. நான் போன நேரம் அவர் வந்துவிட்டால் வரப்பில் நிற்க யார் இருக்கிறார்கள் என்றாள். இரண்டு பேரும் அலைந்தால் எந்தக் காலத்தில் சந்திப்பது, ஒருவராவது இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. வந்தவனுக்கு அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பாயை மட்டும் நடுவில் மாமியார் வருகிறமாதிரி விரித்தாள். அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓடுபாதை மேல் மீன் துள்ளியது, விமானம் இரண்டரை மாதம் நின்றுபோயிற்று. வீட்டுக்குள் தண்ணீர் வந்த அன்று அவன் சவரியம்மாளை முதுகில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். திரும்பி வந்து லூர்துமேரியின் துணி மூட்டையையும், அவள் சொல்லாமலே அவளுடைய கல்யாணப் போட்டோவையும் எடுத்து வந்தான். பள்ளிக்கூடத்தில் முப்பது குடும்பம் படுத்த ஹாலில் அவன் அந்தப் போட்டோவை நிமிர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அதிலிருந்து அவளுக்குப் புதுக் கலக்கம் ஒன்று சேர்ந்துகொண்டது. இதுவரை இவன் அவன் இல்லையோ என்றுதான் பயந்தாள். இப்போது, அவன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று மனசு சொல்லிவிடுமோ என்று பயந்தாள்.

2006 தை பிறந்து பாத்தி மிதிக்கிற காலம் வந்தது. இருபத்தேழாம் நம்பர் பாத்தியின் மூலையில் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். அவள் வலது காலை வைத்தாள். அவன் இடது காலை வைத்தான். அவள் நின்றுவிட்டாள். ஆறு வருஷம் கூட மிதித்தவனின் காலை அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மண் அதிர்வதிலேயே சொல்லுவாள். மிதித்து முடித்தார்கள். தண்ணீர் விட்டபோது பாத்தி நடுவில் கோடு கிழித்தாற்போல் கசிந்தது. மறுபடி மிதித்தார்கள், மறுபடி கசிந்தது. ராஜாங்கம் வந்து பார்த்து, ஒரு பாத்தியை அடக்கத் தெரியாமல் புருஷனும் பெண்டாட்டியும் என்ன குடும்பம் நடத்துகிறீர்கள் என்று கேட்டார். இன்னொரு தடவை கசிந்தால் வேறு ஜோடிக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அவள் இடது காலை முன்னே வைத்தாள். சொல்லுகிறமாதிரி சுலபமான காரியம் அல்ல அது. பிறந்தது முதல் வலதே வைத்துப் பழகின உடம்பு, பத்து அடிக்கு ஒருமுறை தடுக்கியது. மூன்றாம் நாள் கால் பழகிற்று. பாத்தி அடங்கிற்று, தண்ணீர் நின்றது. அன்று வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது அவன்தான் பேச்சை எடுத்தான்.

"உங்க ஊர்ல எல்லாரும் வலது காலா மேரி?"

அவள் கையிலிருந்த வெங்காயம் கீழே விழுந்தது. தங்கள் ஊரில் நாற்பது பேரும் இடதுதான், ஓடுபாதை மிதித்ததும் இடதுதான் என்று அவன் சொன்னான். அப்படியானால் இறங்கின அன்றே தெரியுமா என்று கேட்டாள்.

"அன்னிக்குத் தெரியாது. ஒரு வாரத்துல சந்தேகம் வந்துடுச்சி. ஒருத்தர் வூட்ல சாப்டுக்கினு, நீ யாருன்னு எப்படிக் கேக்கறது?"

ஒன்பது மாதம் அவளைப் போலவே அவனும் குழம்பிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் வரப்பில் விமானத்துக்குக் காத்து நின்றதைப் பார்த்து, யாருக்காக நிற்கிறாள் என்று தெரிந்தும் தெரியாததுபோல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறான். லூர்துமேரிக்கு அழுகை வந்தது, யாருக்காக என்று தெரியவில்லை. அவர் அங்கே எப்படி இருப்பாரோ என்று மட்டும் கேட்டாள்.

"எங்கூட்டு மேரி நல்லாத்தான் பாத்துக்குவா," என்றான் அவன். அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, கசப்பாகவும் இருந்தது. கொஞ்சம் பொறுத்து அவனே, "அங்க பாத்தி கசியும்," என்றான்.

போவதென்று அவன் முடிவு செய்தது அதனால்தான். திரும்புகிற சீட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கூரையில் சொருகி வைத்திருந்தான். போய் இறங்குவது அவன் ஊராகத்தான் இருக்கும் என்று என்ன நிச்சயம் என்று மணிவண்ணன் கேட்டார். ஒரு நிச்சயமும் இல்லை என்று அவனும் ஒத்துக்கொண்டான். மார்ச் மாதம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விமானம் கிளம்புகிற நாள். அதற்கு முதல் நாள் கோடை மழை ஒன்று காலமில்லாத காலத்தில் கொட்டி, பாத்திகளைக் கலைத்துவிட்டது. இருபத்தேழை மறுபடி மிதிக்க வேண்டும். மிதித்துவிட்டுப் போகிறேனே என்றான் அவன். வேண்டாம், நேரமாகிவிடும், கிளம்புங்கள் என்றாள் அவள். தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். சவரியம்மாள் யார் எங்கே போகிறார்கள் என்று கேட்காமல் அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். வாளியை வாங்கிக்கொண்டவன் ஏதோ சொல்லத் தொடங்கி, காற்றுச் சத்தத்தில் நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினான். விமானம் வடக்கே புள்ளியாகிற வரைக்கும் அவள் பார்த்தாள். இந்த முறை வெற்றிலையைப் பற்றி யோசிக்கவில்லை, யாரோடும் பேசவில்லை.

நாற்பது நிமிஷம் கழித்துத் தெற்கே சத்தம் கேட்டது. இறங்கினவர்களில் ஏழாவது ஆள் அந்தோணிராஜ். முழுக்கைச் சட்டை, தூக்குவாளி, தாடையில் தழும்பு. கொஞ்சம் இளைத்திருந்தான், அல்லது அவளுக்கு அப்படிப் பட்டது. வரப்பில் அவளைப் பார்த்தான், எப்போது மெட்ராஸ் வந்தாய் என்று கேட்கவில்லை. வந்து பக்கத்தில் நின்று தூக்குவாளியைக் கொடுத்தான். வாளி காலி. இருவரும் நடந்தார்கள். வீட்டுக்கு நடக்கவில்லை, கால் தானாக இருபத்தேழுக்குப் போயிற்று. அவன் சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்தான், வேட்டியை மடித்துக் கட்டினான். மூலையில் தோளோடு தோள் நின்றார்கள்.

லூர்துமேரி அவன் காலைத்தான் பார்த்தாள். அவன் வலது காலை வைத்தான். ஒரு வருஷமாக எந்தக் காலுக்காக அவள் நின்றாளோ அந்தக் கால். அதே நொடியில் ஏழு வாரப் பழக்கத்தில் அவளுடைய இடது கால் முன்னே போய்ச் சேற்றில் பதிந்துவிட்டிருந்தது. அவன் குனிந்து அவள் காலையே பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கோபம் இல்லை. களைத்த மனுஷனின் குரலில் கேட்டான்.

"நீ யாரு?"

"நாந்தாங்க. வந்தவருக்காகக் காலை மாத்திக்கினேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

"நாலு ஊர்ல எறங்கிட்டேன். நாலு ஊர்லயும் இதத்தான் சொன்ன."

வெயில் ஏறுகிறது, அங்கே என்ன நின்றுகொண்டு பேச்சு என்று கஞ்சி கொண்டுவந்த சவரியம்மாள் வரப்பிலிருந்து சத்தம் போட்டாள். லூர்துமேரி இடது காலை எடுத்துவிட்டு வலது காலை வைத்தாள். அவன் அவளுக்காக வலதை எடுத்துவிட்டு இடதை வைத்திருந்தான். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி மாற்றினார்கள், மறுபடியும் தப்பாகவே விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை இருவரும் காலைத் தூக்காமல், ஒருவரை ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு மிதித்தார்கள்.

விமானம் இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் போகிறது. மரக்காணத்துக்குப் போக வேண்டியவர்கள் அதில் போகிறார்கள். அன்று எந்தக் காலை முதலில் வைத்தார்கள் என்று சவரியம்மாளைக் கேட்டதற்கு, கண்ணுக்கு வெயில் அடித்தது, பார்க்கவில்லை என்றாள். இருபத்தேழாம் நம்பர் பாத்தி அந்த வருஷம் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.